வெயிலுக்கு முன் அடுப்பு, வெயிலில் ஊசி

கேள்வி: எனக்கு வயது 41. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு. கணவருக்கு நெய்வேலியில் ஷிப்டு வேலை. பிள்ளைகள் இருவருக்கும் பரீட்சை முடியப்போகிறது. இந்தக் கோடையில் வீட்டிலேயே மூன்று வேலைகள் செய்ய ஆசைப்பட்டேன். தம்பி வாங்கித் தந்த ஓவனில் கேக்கும் ரொட்டியும் செய்வது, மொட்டை மாடியில் காய்கறி வளர்ப்பது, போன வருடம் தவறிப்போன என் அம்மாவின் பருத்திப் புடவைகளைப் போர்வையாகத் தைப்பது. பங்குனி பிறந்ததும் மூன்றையும் ஒன்றாக ஆரம்பித்தேன். கேக் நடுவில் அமுங்கிப்போகிறது. ரொட்டி புளிக்கிறது. தக்காளிச் செடி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது. புடவைப் பெட்டியைத் திறந்தால் கத்தரிக்கோலை எடுக்கக் கை வரவில்லை. "இறந்தவங்க புடவையை வெட்டலாமா?" என்று மாமியாரும் கேட்கிறார். வீட்டுச் சமையலை முடித்துவிட்டு இதையெல்லாம் தொட்டால் மத்தியானத்துக்குள் களைத்துவிடுகிறேன். மூன்றையும் விட்டுவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரி,

விட வேண்டாம். கைப்பக்குவம் போதாமல் எல்லாம் கெட்டுப்போவதாக நீங்கள் நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுச் சமையலை முடித்துவிட்டுத் தொடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் ஓவன் போடுவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நம் ஊர்க் கோடைக்கு ஒத்துவராது. நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். உங்களுக்கும் எனக்கும் ஒரே கடல், ஒரே வெயில். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

பங்குனியிலும் சித்திரையிலும் இந்தக் கரையோரத்தில் பொழுது மூன்றாகப் பிரிகிறது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து எட்டு மணி வரை ஒரு பொழுது. அதற்குப் பின் கடல்காற்று வரும் வரை ஒன்று. கடல்காற்று வந்த பிறகு இன்னொன்று. மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல்காற்று உள்ளே வரவே நேரமாகிவிடும். அன்றைக்குத்தான் வெயில் கொளுத்தித் தள்ளும். இந்தப் பொழுதுகளுக்கு ஏற்ப வேலையைப் பிரித்துக்கொண்டால் உங்கள் களைப்பில் பாதி போய்விடும்.

ஓவனை விடியற்காலை ஐந்து மணிக்குப் போடுங்கள். வீடு சூடாகாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெண்ணெய். கேக் குறிப்புகளில் 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று போட்டிருப்பார்கள். அது குளிர் ஊர்களின் அறை, 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழியும்; சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் சமையலறை பத்து மணிக்கே 33, 34 டிகிரி. வெண்ணெய் பாதி உருகிவிடும். எண்ணெயில் காற்று எங்கே தங்கும்? கேக் எழும்புவதுபோல் எழும்பி நடுவில் உட்கார்ந்துவிடும். வெண்ணெயையும் முட்டையையும் நேரே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக்கி அடியுங்கள். அப்புறம், முதல் 25 நிமிடம் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். எட்டிப் பார்க்கிற ஆசையிலேயே எத்தனையோ கேக் அமுங்குகிறது.

ரொட்டி புளிப்பதும் சூட்டினால்தான். இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தும் பொங்காத மாவு, சித்திரையில் நாலைந்து மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. ஈஸ்ட்டும் அப்படித்தான். குறிப்பில் ஒரு மணி நேரம் என்றிருந்தால் இங்கே அரை மணி, முக்கால் மணியில் மாவு இரண்டு பங்காகிவிடும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. ராத்திரி படுக்கப் போகும்போது குளிர்ந்த தண்ணீரில், ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்துப் பிசைந்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்து உருட்டி, கொஞ்ச நேரம் விட்டுச் சுடுங்கள். உங்கள் கணவர் ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் நாளில் செய்து பாருங்களேன்.

இந்தப் பருவத்துக்கு என்னிடம் கேட்டால் மைதாவை விட ரவை நல்லது என்பேன். எங்கள் புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்கு விவிகம் என்று ஒரு கேக் செய்வார்கள். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி எல்லாம் சேரும் கனமான கேக் அது. ரவை கேக் நமக்குப் புதுசில்லை. கோடைக்கு நான் செய்வது மாம்பழ ரவை கேக். நைஸ் ரவை ஒரு கப், நார் இல்லாத மாம்பழக் கூழ் ஒரு கப், சர்க்கரை அரை கப், உருக்கிய நெய் கால் கப், பால் கால் கப். எல்லாவற்றையும் கலந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். ரவை ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டியாகும். ரொம்பக் கெட்டியானால் இன்னும் கொஞ்சம் பால். கடைசியில் பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஏலக்காய், முந்திரித் துண்டு. முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். இதில் வெண்ணெயை அடிக்கிற வேலையே இல்லை, அதனால் வெயில் இதை ஒன்றும் செய்யாது. பண்ருட்டி பக்கம் போனால் உடைந்த முந்திரியாக வாங்குங்கள். முழு முந்திரியைவிட விலை குறைவு, கேக்குக்கு அதுவே போதும். பழம் சேர்ந்த கேக் என்பதால் மறுநாளைக்கு வெளியில் வைக்காதீர்கள்.

சரி, மாடிக்கு வருவோம். தக்காளி பூக்கொட்டுவதற்கு நீங்கள் என்ன உரம் போட்டாலும் நிற்காது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளிப் பூவில் மகரந்தம் கெட்டு, காய் பிடிக்காமல் உதிரும். அந்தச் செடியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆடிப் பட்டத்தில் திரும்ப விதைத்துக்கொள்ளலாம். இப்போது வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். மூன்றும் வெயிலை விரும்புகிறவை. வெண்டை 45 நாள், 50 நாளில் காய்க்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்குள் அவர்கள் கையாலேயே பறிக்கலாம். கீரை அதற்கும் முன்னாலேயே வந்துவிடும்.

ஒரு சித்திரையில் நான் கறுப்புப் பைகளில் மிளகாய் நட்டு, மாடித் தரையிலேயே வரிசையாக வைத்திருந்தேன். தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் ஒரே வாரத்தில் பதினோரு செடி போய்விட்டது. பையைப் பிரித்துப் பார்த்தால் வேர் பழுப்பாக வெந்துபோயிருந்தது. தளத்தின் சூடு பை வழியாக ஏறியிருக்கிறது. அன்றிலிருந்து என் வீட்டில் எந்தத் தொட்டியும் தரையில் உட்காராது. அடியில் இரண்டு செங்கல், நடுவில் காற்றுப் போக வழி. மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டை நாரோ இரண்டு அங்குலத்துக்கு மூடாக்கு. தண்ணீரை ஏழு மணிக்கு முன்னால் ஊற்றிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு குழாயில் முதலில் வருவது கொதிக்கிற தண்ணீர். அதைச் செடிக்கு விடவே கூடாது.

இன்னொன்று. கரையோரத்தில் கோடை ஏற ஏற போர் தண்ணீரில் உப்பும் ஏறும். உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள். இலை நுனி கருகியிருந்தாலும் உப்பைச் சந்தேகப்படலாம். அப்படியானால் அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்துச் செடிக்கு விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடி ஓட்டை வழியே வடியும் வரை ஊற்றினால், மண்ணில் தங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும்.

இப்போது அம்மாவின் புடவைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றது அங்கேதான்.

என் அம்மாவின் புடவைகளை நான் ஆறு வருடம் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். தொடத் துணிவில்லை. ஒருநாள் திறந்தபோது, கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்த நான்கு புடவைகள் மடிப்பு மடிப்பாக இற்றிருந்தன. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி போட்ட துணி என்றால் கொண்டாட்டம். பாதுகாப்பதாக நினைத்து நானே அவற்றை இழந்தேன். அதனால் முதலில் எல்லாப் புடவையையும் எடுத்து, கஞ்சி போகத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். அம்மா அதிகம் உடுத்திய ஒன்றிரண்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவற்றைத் தொடவே வேண்டாம். அவற்றுக்கும் வருடம் ஒருமுறை மடிப்பை மட்டும் மாற்றி மடியுங்கள்.

மற்றவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். பிரிகிற துணி போர்வையின் உள்ளே போகட்டும், உறுதியானது வெளியே. சாயம் போகிற புடவையா என்று தெரிய, ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவையுங்கள்.

கத்தரிக்கோலை எடுக்கக் கை வரவில்லை என்கிறீர்கள். எடுக்க வேண்டாம். முதல் போர்வைக்கு அது தேவையே இல்லை. புடவை ஐந்தரை மீட்டர். அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளம், புடவை அகலமே போர்வையின் அகலம், கால் அடி குறைய நாலடி. மூன்று அடுக்குப் போர்வை தயார். கோடைக்கு இதைவிடக் கனம் வேண்டியதில்லை. முந்தானை மேலே வரும்படி மடியுங்கள். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய இழையாகத் தற்காலிகமாக ஓட்டிவிடுங்கள். இந்த வேலையைச் சோம்பி விட்டால் அடுக்குகள் நகர்ந்து துணி கோணிக்கொள்ளும். பிறகு பருத்தி நூலில் சாதாரண ஓட்டுத் தையல், ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வரிசை. மொத்தம் முப்பது வரிசைக்குள்தான் வரும். நாளைக்கு இரண்டு வரிசை என்றால் பதினைந்து நாள். கடைசியில் ஓரத்தை மடித்துத் தைத்து, தற்காலிக நூலை உருவிவிடுங்கள்.

தைக்கிற நேரம் மத்தியானம். சாப்பிட்ட பின், கடல்காற்று வரும் ஜன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கரண்ட் போனாலும் ஊசி நிற்காது. பிள்ளைகள் ஊசியில் நூல் கோத்துத் தரட்டும். அந்த நேரத்தில் அவர்கள் பாட்டியைப் பற்றிக் கேட்பார்கள், நீங்களும் சொல்வீர்கள். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அம்மா போனதிலிருந்து அவளைப் பற்றி நான் வாய் திறந்து பேசியது அந்த மத்தியானங்களில்தான்.

துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வை அடுத்தது. அதற்கு மனம் தயாரானால் செய்யலாம். ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் நாலரை அங்குலம் மிஞ்சும். அகலத்தில் 10, நீளத்தில் 16, ஆக 160 துண்டு. இற்றுப்போன புடவையிலும் நல்ல பாகம் என்று கொஞ்சம் இருக்கும். அதை மட்டும் வெட்டி எடுங்கள். நல்ல புடவையை வெட்டத் தேவையே வராது.

உங்கள் மாமியார் கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தலைமுறையின் பயம் அது, அதில் மரியாதையும் இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தையை நாம் எதில் கிடத்துகிறோம்? பாட்டியின் பழைய நூல் புடவையில்தானே. தூளி கட்டுவதும் அதில்தான். கிழித்து இடுப்புத் துணியாக்கியதும் அதைத்தான். இதை வாதமாகச் சொல்ல வேண்டாம். "அத்தை, உங்க பழைய புடவை ஒண்ணு குடுங்க. ரெண்டு பாட்டி புடவையும் பிள்ளைங்களுக்கு ஒரே போர்வையா இருக்கட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு புடவை சேர்ந்தால் ஆறு அடுக்கு. மார்கழிக்குத் தாங்கும். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இரண்டு வரிசையை அவரிடமும் கொடுங்கள். மனசு ஒப்பவில்லை என்று அவர் சொன்னால், அம்மாவின் புடவையை மட்டும் மடித்துத் தையுங்கள். அதில்தான் வெட்டே இல்லையே.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். அந்த மூன்றரை வாரம் ஓவனைத் துடைத்து மூடிவையுங்கள். அதற்குமுன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், விடியற்காலையில், வாரம் ஒரு கேக்கோ ரொட்டியோ போதும். தினமும் மாடியில் முக்கால் மணி நேரம், மத்தியானம் இரண்டு வரிசைத் தையல். ஆனால் எல்லாவற்றையும் நாளைக்கே ஆரம்பிக்காதீர்கள். நாளை காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய், தொட்டிகளுக்கு அடியில் செங்கல் வையுங்கள். புடவைகளை அலசுவது நாளை மறுநாள்.