கடைசியாக எப்போது குடித்தீர்கள்?

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

மது, போதைப்பொருள் சிகிச்சை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். குடும்பத்தார்தான் நிறைய எழுதுவார்கள் என்று நினைத்தேன். வந்ததில் பெரும்பாலானவை மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் எழுதியவை. சரி, இந்த முறை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை விட்டு இந்தப் பக்கம் இருப்பவர்களோடு பேசுவோம்.

கேள்வி: வார்டில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். குடிநோய் பற்றிப் படிப்பில் மிகச் சில வகுப்புகள்தான் நடந்தன. மேற்படிப்புக்கு அறுவை சிகிச்சைத் துறையை எடுக்கப்போகிறேன். எனக்கு இதில் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் என்றால் இந்த நோயாளி என்னிடம் வருவதற்கு முன் உங்கள் கட்டிலில்தான் படுத்திருப்பார். என் கதையையே சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது கால் எலும்பு முறிந்து ஒருவர் சேர்ந்தார். கேஸ் ஷீட்டில் "மது: உண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மறுநாள் கை நடுங்கியது, வலி என்று நினைத்தோம். மூன்றாம் நாள் இரவு அவர் போர்வையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார், அங்கே ஒன்றுமே இல்லை. வியர்வையில் சட்டை ஊறிப்போயிருந்தது. கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மூத்த செவிலியர் வந்தார், அவருடைய தம்பியைப் பார்த்து, "கடைசியா எப்ப குடிச்சாரு?" என்று கேட்டார். "அடிபட்ட அன்னிக்குக் காலையில." அவர் விரல் விட்டு எண்ணினார். மூன்று நாள். அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆரம்பித்துவிடும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 மணி நேரத்துக்குப் பிறகுதான் நான் பார்த்த அந்த நிலை, டெலிரியம் ட்ரெமன்ஸ். சரியான சிகிச்சை இல்லாத காலத்தில் இதில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள், இன்று கவனித்துச் செய்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. ஆனால் கவனிப்பதற்கு முதலில் சந்தேகம் வர வேண்டுமே! எலும்பு முறிவு, குடலிறக்கம், காய்ச்சல் என்று எதற்காகவோ சேர்ந்தவர் ஆஸ்பத்திரியில் இருப்பதாலேயே குடியை நிறுத்தியிருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதனால் என்ன, எவ்வளவு என்பதோடு கடைசியாக எப்போது என்பதையும் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் மணியோடு எழுதுங்கள்.

அப்புறம் தயமின். நீண்ட நாள் குடிப்பவர்களுக்கு இந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும், அந்த நிலையில் குளுக்கோஸ் டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். ஆகவே குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயமினை ஊசியாகப் போட வேண்டும், மாத்திரையாகக் கொடுத்தால் குடல் சரியாக உறிஞ்சாது. அதற்காக, சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பவருக்கு தயமின் வரட்டும் என்று குளுக்கோஸைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். இந்த மூளை பாதிப்புக்கு அடையாளமாகப் பாடப்புத்தகத்தில் சொல்லும் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது குறைவு, மூன்றுக்கும் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

குடியை நிறுத்தியதும் வரும் இந்தத் தொந்தரவுகளின் கடுமையை அளக்க சிவா-ஏஆர் (CIWA-Ar) என்று ஓர் அளவுகோல் இருக்கிறது (பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கும்). பத்து அம்சங்கள், மொத்தம் 67 மதிப்பெண். எட்டுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும், பதினைந்தைத் தாண்டினால் உடனே மூத்தவரைக் கூப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பாதிக்கு மேல் நோயாளி சொல்லும் பதிலை நம்பிப் போடும் மதிப்பெண் அது, ஏற்கெனவே குழம்பிப்போனவரிடம் செல்லாது.

கேள்வி: பதினோரு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். ஒரே ஆள் வருடத்துக்கு நாலு முறை குடித்துவிட்டு வந்து சேர்கிறார். ராத்திரி பகலாகப் பார்த்து அனுப்புகிறோம், மறுபடி வருகிறார். எனக்குக் கோபம் வருகிறது. வகுப்பில் "அனுதாபத்தோடு இருங்கள்" என்கிறார்கள். எப்படி வரும்?

வராது. உத்தரவு போட்டு வரவைக்கக்கூடிய பொருளா அது? வகுப்பெடுப்பவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் மறுபடி பயன்படுத்தத் தொடங்குவோர் 40 முதல் 60 சதவீதம் என்று 2000-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. அதே கட்டுரை ஆஸ்துமாவையும் ரத்த அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவற்றிலும் மருந்தை விட்டுவிட்டுத் திரும்பி வருவோர் அதே அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகம். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு நான்காவது முறையாக வருபவர்மேல் உங்களுக்கு இப்படிக் கோபம் வருவதில்லை, அவருக்கு மாத்திரையை மாற்றிப் பார்க்கிறோம். குடிநோயாளிக்கு மட்டும் நடுக்கத்தை அடக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொடர் சிகிச்சை எதுவும் இல்லாமல், அவர் நன்றியோடு குணமாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நடுக்கத்தை அடக்கிக் குடியை நிறுத்தவைக்கும் இந்த நச்சு நீக்கம் முதல் வாரத்து வேலை மட்டுமே. உங்கள் கோபத்தில் பாதி, அவர்மேல் வரவேண்டியதல்ல, டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த சந்திப்பு நாள் எழுதாத எங்கள்மேல் வரவேண்டியது.

இன்னொன்று, நம் மொழியில்தான் இது அப்பட்டமாகத் தெரியும். டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பதைக் கவனியுங்கள். "மூணாம் நம்பர் பெட், நெஞ்சுவலி, அவருக்கு இ.சி.ஜி. எடுத்தாச்சு. நாலாம் நம்பர், அவன் நேத்து ராத்திரி பூரா கலாட்டா." ஒரு கட்டில் தள்ளியதும் அவர் அவனாகிவிட்டார். யாரும் யோசித்துச் செய்வதில்லை, தானாக நாக்கில் வருகிறது. 2010-இல் ஓர் ஆய்வில் 500-க்கும் மேற்பட்ட மனநலத் துறையினரிடம் ஒரே கதையைக் கொடுத்தார்கள், ஒரு பாதிப் பேருக்கு அந்த ஆளைப் போதைப் பழக்கத்துக்கு ஆளானவன் என்ற தொனியிலும் மறு பாதிக்கு போதைநோய் உள்ளவர் என்ற தொனியிலும் குறிப்பிட்டு. முதல் சொல்லைப் படித்தவர்கள்தான் அவர்மேல் அதிகம் பழி சுமத்தினார்கள், தண்டனை வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தார்கள். படித்துப் பட்டம் வாங்கிய நிபுணர்களே இப்படி என்றால் வார்டில் என்ன நடக்கும்! அனுதாபம் வந்த பிறகு பேச்சை மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். நாளை ஒப்படைப்பில் "அவர்" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மாதம். எனக்குத் தெரிந்த ஒரு வார்டில் இதை ஒரு செவிலியர்தான் ஆரம்பித்தார், மருத்துவர்கள் பிறகு தொற்றிக்கொண்டார்கள்.

கேள்வி: தனியாக கிளினிக் நடத்துகிறேன். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம். குடியைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்கிறார்கள் அல்லது கோபப்படுகிறார்கள். எதற்கு வம்பு?

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாவது" என்றுதான் வரும். அந்த "எப்பவாவது" ஒரு கதவை மூடும் சத்தம். காரணத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள்: "உங்க பிரஷர் மாத்திரைக்கும் மதுவுக்கும் சம்பந்தம் இருக்கு, அதப் பத்தி ரெண்டு கேள்வி கேக்கலாமா?" வேண்டாம் என்று சொல்பவர் அபூர்வம். பிறகு எத்தனை நாளுக்கு ஒரு முறை, குடிக்கும் நாளில் எவ்வளவு என்று அளவில் கேளுங்கள், ஆமாம்-இல்லை வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற கேள்வித்தாளில் பத்துக் கேள்விகள், அதன் முதல் மூன்றை மட்டும் கேட்டாலே யாரிடம் மேற்கொண்டு பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு நிமிடம்.

பதில் வந்ததும் நம் முகம் மாறுவதுதான் பெரிய சிக்கல். புருவம் உயர்ந்தால் போதும், அடுத்த தடவை அவர் பாதிதான் சொல்வார். உடனே கல்லீரல் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தால் அடுத்த தடவை வரவே மாட்டார். "இதுல உங்களுக்கே எது தொந்தரவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது மருத்துவர்களுக்கு ரொம்பக் கஷ்டம் (எனக்கும்தான்).

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்னையிலிருந்து அடியோட விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். முதல் பதிலில் சொன்ன வலிப்பு அவருக்கு வீட்டில் வரலாம்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு மருத்துவர் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரமாகக் கொடுக்கிறேன். சரியா?

சரியில்லை அம்மா. தப்பு உங்களுடையதல்ல, எழுதியவருடையது. அது டைசல்ஃபிராமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் மது சிதையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடு என்ற நச்சு உடலில் தேங்கும், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் உயிருக்கே ஆபத்து. குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து அவரே விலகி நிற்பதுதான் அந்த மருந்து வேலை செய்யும் விதம், தெரியாதவருக்கு அது பொறி. நோயாளிக்குத் தெரியாமல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் அந்த மருந்தோடு வரும் குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு இருக்கலாம் என்பதால் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் வேறொரு மருத்துவர் முன்னிலையில் சொல்லுங்கள். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், விட்ட பிறகு தாக்குப்பிடிக்க அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து, அவர் சம்மதத்தோடு தருவார்கள். அவரே கேட்டுக்கொண்டால் தினமும் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பவராக நீங்கள் இருக்கலாம், அது நல்ல பலன் தரும்.

கேள்வி: மருந்தாளுநர் நான். ஹெராயினுக்குப் பதில் மெத்தடோன், பியூப்ரினார்ஃபின். ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுப்பதுதானே?

இல்லை. இவை ஹெராயின் ஏக்கத்தை அடக்கக் கொடுக்கும் மருந்துகள். சரியான அளவில் எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை, வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மறுபக்கம், எந்த மருந்தும் இல்லாமல் நச்சு நீக்கம் மட்டும் செய்து அனுப்பினால் உடலின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவையே மறுபடி ஏற்றிக்கொண்டவர் மூச்சு நின்று இறந்துபோகலாம். கவுண்டரில் உங்கள் முன்னால் நிற்பவரைத் தினமும் பார்ப்பது மருத்துவரல்ல, நீங்கள்தான். அப்படி மூச்சு அடங்கியவரை மீட்கும் நாலாக்ஸோன் என்ற மருந்து பற்றியும் வீட்டாருக்கு நீங்களே சொல்லித்தரலாம்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஒரு நாள் பயிலரங்கு நடத்தினோம். எல்லோரும் பிரமாதம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதமாகிறது, எதுவும் மாறவில்லை. எங்கே தப்பு?

அந்தப் படிவத்தை நம்பியதில். நோயாளியின் மனவிருப்பத்தைத் தூண்டிப் பேசும் முறையை உருவாக்கிய வில்லியம் மில்லரே தன் பயிலரங்கைச் சோதித்துப் பார்த்தார். கலந்துகொண்டவர்கள் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள், அவர்கள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டால் மாற்றம் கொஞ்சம்தான், நோயாளிகள் பக்கம் ஒன்றுமே மாறவில்லை. 2001-இல் இதை அவரே ஒளிக்காமல் வெளியிட்டார், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 2004-இல் 140 பேரை வைத்து மறுபடி பார்த்தபோது, பயிலரங்குக்குப் பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்வதும் தனித்தனியாகப் பயிற்சி கொடுப்பதும் சேர்ந்தால்தான் நோயாளிகளின் பேச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது. நீச்சலைப் படம் போட்டுக் காட்டிவிட்டு ஆறு மாதம் கழித்துக் குளத்தில் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு நாளை அரை அரை மணி நேரமாக உடையுங்கள், மாதம் இரண்டு. உங்கள் வார்டில் அந்த வாரம் சேர்ந்த ஒருவரைப் பற்றி மட்டும் பேசுங்கள். நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டம் இதைத்தான் வீடியோ வழியாகச் செய்கிறது: தூரத்து மருத்துவர் தன் நோயாளியின் விவரத்தைச் சொல்கிறார், நிபுணர் குழுவோடு மற்ற மருத்துவர்களும் சேர்ந்து யோசிக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்காக ஆரம்பித்தது, பிறகு போதைநோய்க்கும் வந்தது.

பயிற்சியே தடையாகிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் பல வருடம் பியூப்ரினார்ஃபின் எழுதத் தனி அனுமதியும் அதற்கென்று பயிற்சியும் வேண்டியிருந்தது, பெரும்பாலான மருத்துவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 2022 கடைசியில் அந்த அனுமதியை நீக்கிவிட்டு, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் எல்லோருக்கும் ஒரு முறை எட்டு மணி நேரப் பயிற்சி என்று மாற்றினார்கள். பிரான்ஸ் 1990-களின் நடுவிலேயே சாதாரண மருத்துவர்கள் அனைவரும் எழுதலாம் என்று திறந்துவிட்டது, அடுத்த சில வருடங்களில் அங்கே ஓபியாய்டு (ஹெராயின் வகைப் போதைப்பொருள்) மிகையளவு மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. முழுக்க அதனால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் யோசிக்க வைக்கும் எண்.

கேள்வி: குடித்து மீண்டவன் நான், ஒன்பது வருடமாகிறது. மருத்துவ மாணவர்களுக்கு நான் வகுப்பெடுக்கலாமா?

தாராளமாக. உங்கள் வாழ்க்கைக் கதையை ஒரு மணி நேரம் சொல்ல வேண்டாம், கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நோயாளியாக நாற்காலியில் உட்காருங்கள், மாணவர் உங்களைக் கேள்வி கேட்கட்டும். நான் இப்படி ஒருவரைக் கூட்டி வந்தபோது முதல் மாணவி, "குடிப்பழக்கம் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். அவர், "இல்லைங்க டாக்டர்" என்றார். அவள் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனாள். அவர் கையை உயர்த்தி, "நான் இப்ப பொய் சொன்னேன், நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க, கவனிச்சீங்களா?" என்றார். அவள் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.