கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டதா? கட்டுரையை ஒரு காட்சியிலிருந்து தொடங்கு

பென்னாகரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி தருமபுரி வந்து இரண்டாமாண்டு தமிழ் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது: "ஐந்து பக்கத்தில் ஒரு திரைப்பட விமர்சனக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் 'கூழாங்கல்' படத்தை எடுத்தேன். கதையை எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதிக்கு என்ன செய்ய?"

அந்த ஒரு பக்கத்தையும் ஐந்து வரியாகக் குறைத்துவிடும்மா. கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியை அழைத்துவர, குடிகாரத் தந்தை பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான், அவளோ அதற்குள் வீடு திரும்பிவிட்டாள், இருவரும் வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். போதும். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம் என்பதற்கு ஒரு வரி கொடு, பத்தி வேண்டாம். படம் உன்னை என்ன செய்தது என்பதை விருது சொல்லாது.

இப்போது ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள். ஊர் திரும்பும் பஸ்ஸுக்கான ரூபாய் நோட்டைப் பையன் கிழித்துப் போடும் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை சாதாரணமாகப் பார், அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார், மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்து ஹெட்போனில் வெறுமனே கேள். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணும் காதும் கண்டதை மட்டும் எழுது: கேமரா எங்கே நிற்கிறது, யார் முகம் தெரிகிறது, யார் முதுகு தெரிகிறது, எப்போது கட் ஆகிறது. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஏன்'. "அருமையான ஒளிப்பதிவு", "யதார்த்தமான நடிப்பு" எல்லாம் இடப்பக்கத்தில் வரவே கூடாது, அவை நீ பார்த்தவை அல்ல.

அடுத்து வரும் நடையையும் இப்படியே பார்த்தால், ஏன் இதைப் பத்து விநாடியில் வெட்டவில்லை என்ற கேள்வி தானாக வரும். வெட்டியிருந்தால் "நடந்தார்கள்" என்ற தகவல் நமக்குக் கிடைத்திருக்கும், கால் சுடாது. எனக்குத் தோன்றும் பதில் இது: காசைக் கிழித்துப் பையன், அப்பாவின் கோபம் வீடு வந்து சேருமுன் தன் அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறான், அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று நாமும் உணரத்தான் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் நடையை அவ்வளவு நீளமாக விட்டிருக்கிறார். உனக்கு வேறு பதில் தோன்றலாம், தோன்ற வேண்டும். அந்தப் பதில்தான் உன் கட்டுரையின் வாதம். அதைத் தாங்குகிற இன்னும் இரண்டு காட்சிகளைத் தேடினால் நாலு பக்கம் போதாது.

இதில் உன் ஊர் உனக்குக் கைகொடுக்கும். ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்ட மாவட்டத்துப் பிள்ளை நீ. கடைசியில் குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் அள்ளும் காட்சியில், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நகரத்து விமர்சகருக்குப் புரிவதற்கு முன்பே உனக்குப் புரியும். அதை எழுது, ஆனால் ஒரு பத்தியோடு படத்துக்குத் திரும்பிவிடு, இல்லையென்றால் தண்ணீர்ப் பிரச்சினைக் கட்டுரையாகிவிடும்.

படத்தில் எங்காவது சலிப்பு தட்டியதா? அந்த இடத்தை நிமிடத்தோடு குறித்து, ஏன் என்று எழுது. மற்றவர்களின் விமர்சனங்களை முதல் வரைவு முடியும்வரை தொடாதே.

முதல் வரி "சினிமா என்பது சமூகத்தின் கண்ணாடி" என்று வந்தால் அடித்துவிடு. கிழிந்த காசிலிருந்து தொடங்கும்மா.