காணிய ஈடு வைக்க முன்னம் பெடியன்ர கண்ணை ஒருக்கா செக் பண்ணுங்கோ

அக்கா, நீங்க அனுப்பின வொய்ஸ் மெசேஜ மூண்டு தரம் கேட்டனான். மகன் கப்பலுக்குத்தான் போவன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறான், ஏஜென்சிக்காரர் 10 லட்சம் கேக்கினம், இதுக்குள்ள உங்கட தம்பி வேற வந்து இப்ப ஹார்பர் முழுக்க கொம்பியூட்டர்தானே ஓட்டுது இனி மனுசருக்கு அங்க என்ன வேலை எண்டு சொல்லிட்டு போயிட்டார், நீங்க வயல் காணிய ஈடு வைக்கிறதோ விடுறதோ எண்டு நித்திரை இல்லாம கிடக்கிறீங்க. முதல்ல காணி உறுதிய அலுமாரிக்குள்ளயே வையுங்கோ. மிச்சத்த ஆறுதலா கதைப்பம்.

காசுக் கதைய முதல்ல முடிப்பம், ஏனெண்டா அதுதான் உங்கட நெஞ்ச அடைச்சுக்கொண்டு நிக்குது. கப்பல்ல வேலை செய்யிற ஆக்களுக்கெண்டு 2006ல கடல்சார் தொழில் சமவாயம் எண்டு ஒண்டு வந்தது, எம்எல்சி எண்டு சொல்லுவினம். வேலை எடுத்துத் தாறதுக்கெண்டு கடலோடியிட்ட காசு வாங்கக் கூடாது எண்டு அதில நேராவே கிடக்கு. பாஸ்போட், சீமன் புக் எண்டு சொல்லுற கடலோடிப் பதிவுப் புத்தகம், மெடிக்கல் சேட்டிபிக்கட், இந்த மூண்டு செலவுதான் பிள்ளையிட்ட கேக்கலாம், விசா செலவு கூட கப்பல்காரன்ர தலையிலதான். கோர்ஸ் பீஸ் வேற விசயம், படிச்சா கட்டத்தான் வேணும். அதால நீங்க ஏஜென்சிக்கு போன் எடுத்து, இந்த 10 லட்சத்தில கோர்ஸுக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, பிரிச்சு எழுதி கையெழுத்து வச்சுத் தாங்கோ எண்டு கேளுங்கோ. எழுதித் தர மாட்டினம் எண்டா அந்தப் படிய திரும்ப மிதிக்காதீங்கோ.

இனி உங்கட தம்பி சொன்னது. அவர் சொன்னதில பாதி சரி. கொழும்பில 2025 ஏப்ரல்ல மேற்கு கொன்ரெய்னர் டெர்மினல், அதாவது கொன்ரெய்னர் பெட்டி ஏத்தி இறக்கிற இடம், வேலை தொடங்கினது, 1,400 மீற்றர் நீளம், 20 மீற்றர் ஆழம், ஓட்டோமேட்டிக் முறையில கட்டினது. இப்பிடியான இடங்களில பெட்டி அடுக்கிற யாட் கிரேனுக்கு மேல ஏறி குந்தி இருந்து லீவர் இழுக்கிற ஆள் இல்லை, ஒரு அறைக்குள்ள ஸ்கிரீனுக்கு முன்னால இருந்து பாக்கினம். ஒரு கப்பல் கட்டி நிக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் கம்பனிக்கு காசு, கிரேன் ஒண்டு மணிக்கு 25, 30 பெட்டி இறக்கினாத்தான் துறைமுகத்துக்கு பேர் நிக்கும், அதால மெசினை கொண்டு வரத்தான் செய்வினம்.

ஆனா அக்கா, உங்கட வயல்ல வெட்டு மெசின் வந்த நேரத்த கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. அருவி வெட்டுக்கு வந்த ஆக்கள் குறைஞ்சிட்டினம்தான். ஆனா மெசின் பெல்ட் அறுந்து வயலுக்க நிண்டு, மேல மழை இருட்டிக்கொண்டு வரேக்க நீங்க யாரைத் தேடி ஓடினீங்க? அந்த மெக்கானிக் பெடியன் கேட்ட காசை பேரம் பேசாமத்தானே குடுத்தீங்க. துறைமுகத்திலயும் கப்பல்லயும் அதேதான் நடக்குது. கிரேன்ர சென்சர், மோட்டர், டிரைவ், கேபிள் இதுகளை பாக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருக்கும்.

மகனிட்ட டாலி எண்ட கொன்ரெய்னர் கப்பல்ர கதைய சொல்லுங்கோ, இல்லாட்டி நான் நேர சொல்லுறன். 2024 மார்ச் 26 விடியப்புறம் அமெரிக்காவில பால்டிமோர் துறைமுகத்தில இருந்து எங்கட கொழும்புக்கு வரத்தான் அந்தக் கப்பல் வெளிக்கிட்டது, கொஞ்ச தூரத்திலயே கரண்ட் போய் பாலத்தில அடிச்சு பாலமே விழுந்தது, பாலத்தில ரோட்டு வேலை செய்துகொண்டு நிண்ட ஆறு பேர் செத்துப் போச்சினம். விசாரிச்சுப் பாத்தா, ஒரு வயர். வயர் நுனியில சுத்தின லேபிள் கொஞ்சம் தள்ளிப் போய், வயர் கனெக்ஷனுக்குள்ள முழுசா போகேல்ல, நாளடைவில லூஸாகி கழண்டிட்டுது. சுரண்டிப் பாத்து, இழுத்துப் பாத்து, இது சரியா இறங்கேல்ல எண்டு சொல்லுற ஒரு கை இருந்திருந்தா எண்டு நான் இப்பவும் யோசிக்கிறனான்.

அந்தக் கைய பழக்கிறதுக்கு உடன கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல்நகர்ல இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கு, வீட்டில இருந்து பஸ்ஸில போய் வரலாம். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பக்கம் ஒரு என்விகியூ, அதான் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், எடுத்தா அது கப்பலுக்கும் அடித்தளம், கப்பல் சரிவராட்டி துறைமுகத்துக்கும், அதுவும் இல்லாட்டி ஊரில ஒரு அரிசி ஆலைக்கும் உதவும். உண்மையச் சொல்லுறன், என்விகியூ எடுத்த உடன கப்பல் ஏறேலாது. அதுக்கு மேல எஸ்டிசிடபிள்யூ எண்டு கடலோடிகளிட பயிற்சிக்கான சர்வதேச விதிகள் கேக்கிற அடிப்படைக் கோர்ஸுகள் இருக்கு, கடல்ல உயிர் தப்புறது, நெருப்பு அணைக்கிறது, முதலுதவி, பாதுகாப்பு எண்டு. 2010ல மனிலாவில அந்த விதிகளை திருத்தேக்க எலக்ட்ரிக்கல் ஆக்களுக்கெண்டு தனியா ஒரு தரமே போட்டவை, கப்பலை ஓட்டுற டெக் ஆக்கள், எஞ்சின் ஆக்கள் மாதிரி. மகன் இதைப்பற்றி கேள்விப்பட்டிருக்க மாட்டான், கப்பல் எண்டா வெள்ளை உடுப்பு கப்டன் மட்டும்தான் அவன்ர கண்ணுக்குள்ள நிக்கும்.

கண் எண்டதும்தான் ஞாபகம் வருது. என்ர அக்காட மகன் கோர்ஸ் பீஸ் முழுக்க கட்டி, கொழும்பில போர்டிங் எடுத்து படிச்சு முடிச்சு, கடைசியா மெடிக்கலுக்கு போனான், புள்ளி புள்ளியா நிறம் போட்ட ஒரு புத்தகத்தை விரிச்சு இதில என்ன நம்பர் எண்டு கேட்டிருக்கினம், அவனுக்கு ஒண்டுமே தெரியேல்ல. சிவப்பும் பச்சையும் பிரிச்சு அறியாத கண். பத்தொன்பது வயசு வரைக்கும் வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது, சேர்த்துக்கொண்ட இடத்திலயும் முதல்லயே பாக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்ல. அண்டைக்கு இரவு அவன் சாப்பிடேல்ல. டெக்குக்கும் எஞ்சினுக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் நிறப்பார்வை பாப்பினம், அதால ஒரு சதம் கட்ட முன்னம் கண் கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போங்கோ.

இதுக்குள்ள மகனுக்கு ஒரு வீட்டு வேலை. ஏ9 ரோட்டில கொன்ரெய்னர் லொறி எங்கயாவது நிண்டா பின் கதவை போட்டோ எடுக்கச் சொல்லுங்கோ. நாலு எழுத்து, ஏழு இலக்கம் இருக்கும், கடைசி இலக்கம் முன்னால உள்ளதுகள வச்சு கணக்குப் போட்டு வாறது, ஒரு எழுத்து பிழைச்சு அடிச்சாலும் சிஸ்டம் பெரும்பாலும் கண்டுபிடிக்கும். அதுக்கு கீழ 30,480 கிலோ மாதிரி ஒரு கூடிய பட்ச நிறை, வெறும் பெட்டிட நிறை, ஏத்தக்கூடிய நிறை எல்லாம் எழுதிக் கிடக்கும். அந்தக் கடைசி இலக்கத்தின்ர கணக்கை அவன் தானா தேடிப் பிடிச்சு செய்து கொண்டு வந்தா, இவன் இந்தத் துறைக்கு உள்ளவன் எண்டு நான் நம்புவன். இங்கிலீசும் இப்பவே தொடங்கட்டும், கப்பல்ல நெருப்புப் பிடிச்சா ஓடர் வாறது அந்தப் பாசையிலதான், கொழும்பு துறைமுகத்துக்கு எண்டா சிங்களமும் கொஞ்சம் வேணும்.

சின்னவள் கணக்கில கெட்டிக்காரி எண்டு போற போக்கில சொன்னீங்க, அவளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. எந்தப் பெட்டி கப்பல்ல எங்க வரவேணும், பாரமானது கீழ, முதல் இறங்கிறது மேல எண்டு பிளான் போடுற வேலை முழுக்க கொம்பியூட்டரிலதான், அதுக்கு தோள்பலம் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை காலமை நான் கந்தோரிலதான் நிப்பன். ஓஎல் ரிசல்ட் சீட், அடையாள அட்டை, ஏஜென்சிக்காரர் தந்த பேப்பர் ஒண்டு விடாம எல்லாம் கொண்டு வாங்கோ, அதுக்கிடையில அட்வான்ஸ் எண்டு 5,000 ரூபா கேட்டாலும் குடுக்காதீங்கோ.