ஒற்றைக் கண்ணால் பார்க்கையில் தண்ணீர் டம்ளருக்கு வெளியே சிந்துவது ஏன்?

ஊற்றுவதற்கு முன் தலையை இடமும் வலமுமாக அரைச்சாண் அளவுக்கு இரண்டு மூன்று முறை நகர்த்துங்கள். டம்ளரின் விளிம்பும் சொம்பின் வாயும் முன்பின்னாகப் பிரிந்து தெரியும்.

இடக்கண் பார்வை போன பிறகு நடப்பதில் சிரமமில்லை, ஊற்றினால் மட்டும் சிந்துகிறது என்கிறீர்கள். சிந்தக்கூடாது என்ற கவனத்தில் தலையை அசையாமல் வைத்துக்கொள்வதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நடக்கும்போது கண்ணும் நகர்வதால், பக்கவாட்டில் அருகிலுள்ளவை வேகமாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் இடம்பெயர்வதாகத் தெரிகின்றன. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தைக் கணிக்கிறது. 1979இல் ரோஜர்ஸ், கிரஹாம் என்ற பார்வை ஆய்வாளர்கள் இருவரும் வெறும் புள்ளிகள் நிறைந்த திரையை ஒற்றைக் கண்ணால் பார்க்க வைத்து, தலையசைவுக்கேற்பப் புள்ளிகள் நகர்ந்தாலே மேடுபள்ளம் தெரிகிறது என்று காட்டினார்கள்.

சோதித்துப் பாருங்கள். கட்டைவிரலை முகத்துக்கு முன் நிறுத்தி, பார்வையை ஜன்னல் கம்பியில் பதித்தபடி தலையை வலப்பக்கம் நகர்த்தினால், விரல் இடப்பக்கம் ஓடும். பார்வையை விரலில் பதித்தால், கம்பிகள் உங்கள் தலையோடு வலப்பக்கம் வரும். எதைப் பார்க்கிறோம் என்பதையும் கண்ணின் அசைவையும் மூளை சேர்த்தே கணக்கிடுகிறது என்பதால், தலையை அசைக்கும்போது பார்வையை டம்ளரின் விளிம்பிலேயே வைத்திருங்கள்.

பொருளே நகர்ந்தால் இந்தக் கணிப்பு தவறலாம். எனவே வண்டி ஓட்டுவதற்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். கொதிக்கும் தேநீர் என்றால் பாத்திரத்தின் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டு வைத்த பிறகே ஊற்றுங்கள்.