கிரானைட்டுக்கு அடித்த அலாரம்

கேள்வி: பர்கூரிலிருந்து நாங்கள் அனுப்பிய கிரானைட் கன்டெய்னர் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கதிர்வீச்சு அலாரம் அடித்து ஓரங்கட்டப்பட்டது. இரண்டு நாள் கழித்து, "நியூட்ரான் இல்லை" என்று விட்டுவிட்டார்கள். இருந்திருந்தால்?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இருந்திருந்தால் இரண்டு நாளில் விட்டிருக்க மாட்டார்கள், ஐயா!

உங்கள் கல்லில் குறையில்லை. கிரானைட்டில் பொட்டாசியம்-40, கொஞ்சம் யுரேனியம், தோரியம் எல்லாம் பிறவியிலேயே உண்டு. காமாக் கதிர் வரத்தான் செய்யும். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தபோது, பள்ளி வாசல்படிக் கல்மேல், கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியை வைத்துக் காட்டுவேன். 'டிக் டிக்' கொஞ்சம் வேகம் பிடித்ததும் முன்வரிசைப் பையன்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். பீங்கான் ஓடும் பொட்டாஷ் உரமும்கூடத் துறைமுக அலாரத்தைக் கிளப்பிவிடும்.

நியூட்ரான் அப்படியில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் உண்டாகும் சொற்பம் தவிர, சாதாரணச் சரக்கிலிருந்து அது வராது. அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தில் கலந்திருக்கும் புளூட்டோனியம்-240 தானாகவே பிளந்து, கிராமுக்கு வினாடிக்குச் சுமார் 1,000 நியூட்ரான் கக்கும். ஈயப் பெட்டியில் போட்டு மூடினால் காமா அடங்கும். நியூட்ரானுக்கு ஈயம் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் மின்னூட்டம் இல்லாத துகளை எப்படிப் பிடிப்பது? கோலி ஆடியிருப்பீர்கள். ஒரு கோலி இன்னொன்றை நேராக அடித்தால் அடித்தது அங்கேயே நின்றுவிடும். குண்டுக்கல்லில் பட்டால் அதே வேகத்தில் தெறித்துத் திரும்பும். நியூட்ரானும் ஹைட்ரஜன் கருவும் கிட்டத்தட்ட ஒரே எடை. அதனால்தான் ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கைச் சுற்றிலும் வைத்து நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கிறார்கள். நடுவே ஹீலியம்-3 வாயுக் குழாய். மெதுவாக வரும் நியூட்ரானை அது விழுங்கியதும் ஒரு புரோட்டானும் டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் கரு ஒன்றும் தெறிக்கும். அவை உண்டாக்கும் மின்துடிப்பைத்தான் எண்ணுகிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா எல்லையெங்கும் இதை நிறுவியதில் ஹீலியம்-3-க்கே தட்டுப்பாடு வந்து, போரான்-10, லித்தியம்-6 என்று மாற்று தேட வேண்டியதாயிற்று.

யுரேனியம் மட்டும் இதற்கு அவ்வளவாக அகப்படாது, மிகக் குறைவாகவே நியூட்ரான் விடும். அதனால் எக்ஸ்ரே படமும் எடுத்து, காமாவின் ஆற்றலையும் அளப்பார்கள். பொட்டாசியம்-40 என்றால் 1,460 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தெளிவாக ஒரு சிகரம் தெரியும். உங்கள் கல்லும் அப்படித்தான் தப்பித்திருக்கும்.

அந்த இரண்டு நாள் டெமரேஜை (தாமதக் கட்டணத்தை) யார் கட்டுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது இயற்பியலில் வராது.