வீட்டுக்குப் பின்னால் வந்த குட்டிப் பாம்பு கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

கிருஷ்ணகிரி பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் விறகை எடுக்கும்போது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் நீளமாக, மினுமினுக்கும் கருப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்ட குட்டிப் பாம்பு இருந்தது, அது கட்டுவிரியனா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பாலக்கோடு பக்கம். இதே கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டு முறையும் விடை வேறு வேறு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. குட்டிதானே என்று குச்சியால்கூடத் தூக்கப் பார்க்காதீர்கள். கட்டுவிரியன் முட்டையை விட்டு வெளியே வரும்போதே விஷத்தோடும் பல்லோடும்தான் வருகிறது. செல்போனில் தள்ளி நின்று ஜூம் பண்ணி, உடம்பு முழுவதும், முக்கியமாக வால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் போதும்.

முதல் முறை எங்கள் பாத்ரூம் சுவரில் பல்லியைத் துரத்திக்கொண்டு ஒன்று ஏறியது. அம்மா பார்த்ததும் கட்டுவிரியன் என்று அலறிவிட்டார். பக்கத்து ஊரில் பாம்பு பிடிக்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்து, இது வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லை, முழுசாக வளர்ந்ததே இவ்வளவுதான் என்றார். ஆமாம், இந்தப் பாம்பு பெரும்பாலும் ஒன்றரை அடியைத் தாண்டாது, அதனால் நாம் குட்டி என்று நினைப்பது வளர்ந்த பாம்பாகவே இருக்கலாம். பழுப்பு உடம்பு, கழுத்தில் பட்டையாக முதல் வளையம், வால் பக்கம் போகப் போகக் கோடுகள் மங்கிவிடும்.

அதற்கப்புறம் நான் இணையத்தில் தேடிப் படித்தேன். எல்லோரும் சொல்லும் அடையாளம் ஒன்றுதான்: தலையை ஒட்டிக் கோடு இருந்தால் வரையன், தலைப்பக்கம் வெறும் கருப்பாக இருந்து கொஞ்சம் தள்ளிக் கோடு தொடங்கினால் கட்டுவிரியன். இதை மனதில் வைத்துக்கொண்டிருந்த சமயத்தில் இரண்டாவது பாம்பு ராகிப் போருக்கு அடியில் வந்தது. சின்னது, கழுத்திலிருந்தே கோடு பளிச்சென்று இருந்தது. சரி, விஷமில்லாதது என்று குச்சியில் எடுத்து வேலிக்கு அப்பால் விடப் போனேன். அதே அண்ணன் தடுத்துவிட்டார். "தம்பி, குட்டியில கழுத்துக் கோட்ட நம்பாதீங்க, வாலப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. தலைப்பக்கம் கோடு மறைவது வளர்ந்த கட்டுவிரியனில். குட்டியில் முன்பக்கத்திலும் கோடுகள் தெளிவாகவே இருக்கும், வயதாக ஆகத்தான் அவை மங்கிப் புள்ளிகளாக மாறும். எல்லோரும் சொல்லும் அந்த ஒரு விதி, குட்டி விஷயத்தில் உயிருக்கே ஆபத்தான விதி. அன்று எங்கள் குட்டியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வால் வரைக்கும் மங்காமல் போயின, பல இடத்தில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தன, உடம்பு எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்த கருப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முதுகின் நடுவில் மற்றவற்றைவிடப் பெரிய செதில்கள் அறுகோணமாக ஒரே வரிசையில் தெரிந்தன. இதுதான் உறுதியான அடையாளம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வரையனிலும் கருத்தது உண்டு.

கோடு இல்லாமல் முதுகில் சங்கிலி மாதிரி நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக இருந்தால் கண்ணாடி விரியன் குட்டி. அதை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துப் பாறைக் காட்டில் சுருட்டை விரியனும் உண்டு, அது வளர்ந்தாலும் சின்னதுதான், உடம்பைச் சுருட்டிச் செதிலை உரசிச் சத்தம் போடும்.

நீங்கள் சொன்ன மினுமினுக்கும் கருப்பையும் நீளத்தையும் பார்த்தால் எனக்குக் கட்டுவிரியன் சந்தேகம்தான் அதிகம். தாய்ப்பாம்பு பழி வாங்க வரும் என்று பயப்பட வேண்டாம், குட்டிகள் பொரிந்ததும் தனித்தனியாகப் போய்விடும். ஆனால் ஒரே முட்டைக் கூட்டத்தில் பொரிந்த மற்ற குட்டிகள் பக்கத்தில் இருக்கலாம், அதனால் மீதி விறகைக் கை விட்டு எடுக்காதீர்கள். 101-க்குச் சொன்னால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. என் சித்தப்பா திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது கடித்தது கட்டுவிரியன்தான். வலியே இல்லை, பல் தடமும் தெரியவில்லை. விடியற்காலையில் வயிற்று வலி என்றார், அப்புறம் இமை தானாக மூடிக்கொண்டது, பேச்சு குழறியது. வாயுவாக இருக்கும் என்று வீட்டில் கொஞ்ச நேரம் வீணாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து போட்டு, மூச்சுக்குச் சில நாள் வென்டிலேட்டர் வைத்துத்தான் பிழைத்தார். தரையில் படுத்த யாருக்காவது விடியற்காலையில் இப்படி வந்தால் கடிவாய் தேடிக்கொண்டிருக்காமல், கட்டுப் போடாமல், கீறாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குட்டி எங்கே போனது என்று தெரியும் வரை குழந்தைகளைக் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுக்க வையுங்கள். படம் எடுத்திருந்தால் வால் பக்கத்தைப் பெரிதாக்கிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.