கடலைக்காட்டு நாள் – கடிதம்

வணக்கம்.

நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு வெள்ளகோவில் பக்கம் ஊர். தீபாவளி விடுமுறைக்குப் போயிருந்தபோது ஒரு நாள் கடலைக்காய் பிடுங்கினார்கள். விடிவதற்கு முன்பே வீடு பரபரத்துவிட்டது. மாமனார், கொழுந்தனார், பிள்ளைகள் எல்லாரும் காட்டில்தான். யாரும் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வருகிறேன் என்றதற்கு, “நீ போயி உக்காரு கண்ணு” என்று அத்தை சொல்லிவிட்டார். பொழுது சாயும் வரை திண்ணையிலேயே இருந்தேன். அந்த வீட்டில் எனக்கு இடமில்லையோ என்று மனசு கனத்துவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பிடுங்கினால்தான் என்ன? நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

கௌ., சென்னை

அன்புள்ள கௌ.,

இரண்டு நாள் கழித்துப் பிடுங்க முடியாது. உங்கள் மனவருத்தத்துக்கும் பதில் அதிலேயே இருக்கிறது என்பதால், முதலில் கடலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால், நம் பக்கத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுத்தான் வரும். மானாவாரிக் காட்டுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. ஆடியில் விதைத்த கடலை நூற்றைந்து, நூற்றுப்பத்து நாளில் முற்றி, சரியாக அந்த மழைக்குள் வந்து நிற்கும். மண் காய்ந்து இறுகிவிட்டால் கொடி மட்டும் கையோடு வரும், காய் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே பிடுங்குவதற்கு ஈரம் வேண்டும். ஆனால் கொத்தாகக் காய்க்கும் நிலக்கடலை ரகத்துக்கு விதை உறக்கம், அதாவது முற்றியபின் கொஞ்ச நாள் முளைக்காமல் கிடக்கும் குணம், கிடையாது. இன்னொரு மழை விழுந்தால் செடியில் இருக்கும்போதே காய் முளைவிட ஆரம்பித்துவிடும். பிடுங்கிப் போட்டது நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கொடியும் கறுத்துப்போகும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடும். இதற்கு நடுவில் கிடைப்பது சில நாள்தான். அதே ஈரத்தில்தான் கொள்ளும் சோளமும் விதைத்தாக வேண்டும். அறுவடையும் விதைப்பும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தால் வீட்டில் யார் நின்று பேசுவார்கள்?

என் அம்மா அந்த நாளைக் குறிக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறுவார். ஒரு காயைக் கட்டைவிரலால் உடைத்து, பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, ஓட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் ஓட்டைக் கீழே போட்டுவிட்டு நடப்பார். உள்ளே கறுப்பு ஓடியிருந்தால் அன்று இரவே ஆள் சொல்லி அனுப்பியாக வேண்டும். அப்பா மேகத்தைப் பார்த்துப் பேசுவார், ஆனால் நாள் குறிப்பது அம்மாதான்.

அப்புறம் மறுநாள் முழுக்க அவர் தலைக்குள்தான் ஓடும். வண்டி வருவதற்குள் பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும். மாட்டைக் கொரங்காட்டுக்குள், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குள், விட வேண்டும். கிளுவை வேலியில் எங்காவது சந்து விழுந்திருந்தால் அதையும் அடைக்க வேண்டும். ஆள்களுக்குச் சோறு போக வேண்டும். அந்த மாதிரி நாளுக்கென்றே இருக்கிறது நம் அரிசியும் பருப்பும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து, துவரம் பருப்பும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும், குழம்பு தனியாகத் தேவையில்லை. சோற்றை இறக்கி வைத்துவிட்டு அவரும் காட்டுக்குப் போவார். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி அடுக்குகிறார்களா என்று பார்ப்பார். சாயங்காலம் மறுபடி கறவை.

உங்கள் அத்தையும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருப்பார். உங்களுக்கு ஒரு வேலையைக் காட்டிக்கொடுக்க அவரிடம் அரைமணி நேரம் இல்லை. நீங்கள் கொடியை இழுத்துக் காய் மண்ணில் நின்றுவிட்டால் மருமகளைக் கடிந்துகொள்ளவும் அவருக்கு மனசு வராது. “கண்ணு” என்று கூப்பிட்டுத்தானே உட்காரச் சொன்னார்! அதைத் தள்ளிவைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கவலையில் நான் ஒன்றை மாற்றிக் கேட்கிறேன். அந்த வீட்டில் உங்களுக்கு இடம் இருக்கிறது. அத்தைக்குக் காகிதத்தில் எங்கே இடம்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் இருந்த பண்ணைகள் நூற்றுக்குச் சுமார் 14தான். 1989-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. ஆனாலும் நம் பக்கம் அண்ணன் தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்த பெண்கள் எத்தனையோ பேர். பண்ணையத்தையே தலையில் வைத்து நடத்துகிறவரை, யாராவது கேட்டால் “வீட்ல சும்மாதாங்க இருக்காங்க” என்று வீட்டார் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நிலத்துப் பேச்சை எடுத்தால் வீடு இரண்டுபடும், அது உடனே ஆகாது. பாலில் தொடங்கலாம். பால் பணம் யார் கணக்கில் விழுகிறது என்று கணவரிடம் கேளுங்கள். அத்தை பெயரில் இல்லையென்றால், சொசைட்டியில் அவர் பெயரைச் சேர்த்து வங்கிக் கணக்கையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். இப்படி ஒரு காகித வேலையை இழுத்துப்போட்டுச் செய்ய அந்த வீட்டில் உங்களைவிடத் தோதான ஆள் இருக்காது.

வேலை கற்றுக்கொள்ள ஆசை என்றால் தை மாதம் போங்கள். இப்போது விதைக்கும் கொள்ளு அப்போது பிடுங்க வந்துவிடும். மழைப் பயம் இருக்காது, அத்தைக்குச் சொல்லிக்கொடுக்க நேரமும் இருக்கும். வெயில் ஏறினால் நெற்று வெடித்துக் கொட்டிவிடும், அதனால் பனி ஈரம் காய்வதற்குள் பிடுங்கியாக வேண்டும். முந்தின இரவே “நானும் வரேன், எழுப்பிவிடுங்க அத்தை” என்று சொல்லிவைத்துவிட்டுத் தூங்குங்கள்.